பூனை இருக்கிற வீட்டில் முயல்கூடு

கேள்வி: ஐயா, மகள் ஆசைப்பட்டதால் ஒரு சோடி முயல் வாங்கினோம். இப்போது மூன்றரை மாதம். வீட்டில் இரண்டு பூனைகள். போன கிழமை ஒரு பூனை கோழிவலைக்குள்ளால் கையை விட்டு ஒரு முயலின் காதைக் கீறிவிட்டது. கூட்டை ஹோலுக்குள் கொண்டுவந்து வைத்தோம். நேற்றிலிருந்து அந்த முயல் சரியாகத் தின்பதில்லை. பூனையால் உடைக்க முடியாத கூடு எப்படி அடிப்பது? கடையில் 20 கேஜ் வலை போதும் என்கிறார்கள். (கோண்டாவில் வாசகி)

பதில்: பிள்ளை, கூட்டை நாளைக்கு அடிக்கலாம். முயலை இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முயலின் குடல் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே ஆபத்துத்தான். பூனை நகம் பட்ட காயம் மேலே காய்ந்துவிடும், உள்ளே சீழ் பிடிக்கும். பாமசியில் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கிக் கரைத்துப் பருக்கிவிடாதீர்கள். அது குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து முயலைக் கொன்றுவிடும். எங்கள் ஊரில் முயல்கள் வீணாகச் சாவதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம்.

சரி, வலைக்கு வருவோம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசாகும். 20 கேஜை முயலுக்கு நல்லதென்று சொல்கிறவர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதை விற்கப் பார்க்கிறார். 16 கேஜ், அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளை ஒட்டவைத்த வலை) கேட்டு வாங்குங்கள். ஒரு அங்குலக் கண்ணுக்குள்ளால் நகம் உள்ளே போகும். ஸ்டேப்ளர் ஊசியை நம்ப வேண்டாம், பூனை பாய்ந்து தள்ளினால் கழன்றுவிடும். வலை விளிம்பின்மேல் மரச்சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கொளுக்கி வேண்டும். ஒரு கொளுக்கி போட்ட கதவின் கீழ்மூலையைப் பூனை கையால் இழுத்து இடைவெளி எடுத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பூனையால் உடைக்க முடியாத கூடு என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை கண்ணில் படாத கூடுதான் உங்களுக்குத் தேவை. நாலு பக்கமும் வலையடித்த கூட்டை ஹோலின் நடுவில் வைத்தால் பூனை சுற்றிச் சுற்றி வரும், முயலுக்கு ஒதுங்க இடமே இராது. பயந்த முயலுக்குக் குடல் மந்தமாகும், தீனி குறையும். வெருண்டு உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொண்ட முயல்களும் உண்டு. பூனையின் கை எட்டாவிட்டாலும் இவ்வளவும் நடக்கும். உங்கள் முயல் தின்னாததற்குக் காயம் பாதி, ஹோல் பாதி என்பது என் எண்ணம்.

ஆகவே பின்பக்கமும் இரு பக்கவாட்டும் கீழ்ப்பாதிக்குப் பலகை, மேல்பாதிக்கு வலை. முன்பக்கம் முழுவதும் வலை. கூரையும் பலகைதான், பூனை கட்டாயம் அதில் ஏறிப் படுக்கும். அடித்தளத்துக்கும் பலகை போட்டு வைக்கோல் பரப்புங்கள். வலைத்தளம் பாதத்தைப் புண்ணாக்கும், கீழே பூனை வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வழி விடும். உள்ளே ஒரு மூலையில், இரண்டு வாசல் வைத்த இருட்டுப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். பெற்ஷொப்பில் அலங்காரமாகத் தொங்கும் கம்பிக்கூடுகளில் இது எதுவுமே இல்லை. அந்தக் காசுக்கு ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள். பனஞ்சிலாகை வெளிச்சட்டத்துக்கு நல்லது, உள்ளே வைத்தால் சிராய் ஏறும். பழைய பெயின்ற் பூசிய பலகை வேண்டாம், முயல் அதைக் கொறித்துத் தின்னும்.

ஹோலை விட்டு, பூனை போகாமல் கதவு சாத்தக்கூடிய அறைக்குக் கூட்டை மாற்றுங்கள். வலைப்பக்கம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வரும் யன்னலைப் பார்க்கட்டும். யன்னலுக்கும் இதே வலையை அடித்துவிடுங்கள். முயலுக்கு வியர்க்காது, 30 பாகைக்கு மேல் போனாலே திணறும். தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது.

இன்னொன்று. சோடி என்று வாங்கியது ஆணும் பெண்ணுமாக இருந்தால் இப்போதே பிரிக்க வேண்டிய வயது. சினைக்காலம் 31 நாள்தான், மயிரில்லாத குட்டிகளைப் பூனையிடமிருந்து காப்பது இன்னும் பெரிய பாடு. மிருக வைத்தியரிடம் போகும்போது இரண்டையும் கொண்டுபோய் ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூட்டை ஐந்தடி நீளத்துக்குக் குறையாமல் அடித்து, பிரிக்க வேண்டிவந்தால் நடுவில் பலகை செருகத் தவாளிப்பு ஒன்றும் விடச் சொல்லுங்கள்.