ஜெபிக்கவே வராத நாட்களில் விசுவாசத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தொழில் நொடித்து, கடன் ஏறி, வீட்டில் நோயும் சேர்ந்திருக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கு ஜெபம் செய்யவே வரவில்லை, சபையில் சிலர் விசுவாசக் குறைவினால்தான் இதெல்லாம் வந்தது என்கிறார்கள், வாழ்வே சலித்துவிட்டது, விசுவாசம் திரும்பும்வரை ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இறையியல் படித்தவள் அல்ல. ஆகவே எனக்குத் தெரிந்ததையும் நான் கடந்து வந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

விசுவாசக் குறைவு என்கிற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடனைவிட இந்தப் பேச்சுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. வேதத்தில், குற்றமற்றவனாயிருந்தும் சொத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தவன் யோபு. அவனுடைய மூன்று நண்பர்களும் பேசியது இதே பேச்சுதான். அவர்கள் வந்தவுடன் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாய் திறந்த பிறகு, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தான். கடவுளோடு நேருக்கு நேர் வழக்காட வேண்டும் என்றான். கடைசி அதிகாரத்தில் கர்த்தரின் கோபம் நண்பர்கள் மேல்தான் மூளுகிறது. தம்மைக் குறித்து யோபு பேசியதைப் போல அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பலி செலுத்த வேண்டியதாயிற்று, முறையிட்டவனே அவர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டியதாயிற்று. உங்களைக் குறைசொல்லுகிறவர்கள் அடுத்த முறை வரும்போது, யோபின் 42ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பேசலாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

இந்தக் கதைக்கும் நம் மாவட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, கால்நடைகளும் பயிரும் அழிந்து மனம் ஒடிந்திருந்த வேளையில், அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னவர் டிலனாய். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்பு மார்த்தாண்ட வர்மரின் படையைப் பயிற்றுவித்த அந்த டச்சுத் தளபதியின் கல்லறை, எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புலியூர்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். இழந்த மாடுகளும் வயலும் அதனால் அவருக்குத் திரும்பி வந்துவிடவில்லை. 1749இல் கைது, எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன அவமானம், நெடுநாள் சித்திரவதை, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். எங்கள் சபையில் புனிதர்களை நோக்கி மன்றாடும் வழக்கம் இல்லை. இருந்தும் அவர் வாழ்க்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விசுவாசம் சரியாக இருந்தால் துன்பம் விலகிவிடும் என்கிற கணக்கு சரியென்றால், இந்த மண்ணின் மிகப் பெரிய விசுவாசியை முதலில் அந்தக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஜெபம். ஜெபிக்க வரவில்லை என்று நீங்கள் சொல்வது, நன்றி சொல்லவும் துதிக்கவும் வரவில்லை என்பதாக இருக்கலாம். புலம்ப வருகிறது அல்லவா? அதுவும் ஜெபம்தான், அதற்கு வேதத்திலேயே நிறைய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது வரும் நம்பிக்கையின் வரிகூட அதில் இல்லை, நண்பர்களும் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வசனத்தைச் சேர்த்திருக்க முடியும். சேர்க்கவில்லை என்பதை நான் பெரிய இரக்கமாக எண்ணுகிறேன்.

பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். நான்காவது வார்த்தையாக, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பிரசங்கிக்க, எல்லாரும் கண்ணீரோடு கேட்கிறோம். அதே வார்த்தையை ஆடி மாதத்தில் ஒரு சாதாரண நாளில் சபையார் ஒருவர் சொல்லிவிட்டால், அவர் பின்வாங்கிப்போனார் என்று முடிவு கட்டுகிறோம். இது நம் சபைகளின் பெரிய முரண்பாடு. இயேசுவே எடுத்துப் பேசிய அந்த 22ஆம் சங்கீதத்தை நீங்கள் இன்றிரவு வாய்விட்டு வாசித்தால், விசுவாசத்தை விட்டு வெளியே போகவில்லை, அதன் நடுவிலேயே நிற்கிறீர்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் ஒன்று உண்டு. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போன ஷீட் விலை அப்படியே நிற்கும் என்று நம்பி என் கணவர் கடன் வாங்கினார்; 2016 தொடக்கத்தில் விலை 100 ரூபாய்க்கும் கீழே இறங்கி, பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்கவும் கட்டாத நிலை வந்தது. அந்தக் கவலையோடுதான் அவர் பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனை வராந்தாவில் நான் வேதபுத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேனே தவிர, எழுத்து எதுவும் உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அப்படியேதான் இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்க வந்தபோது, எனக்கு ஜெபிக்க வரவில்லை, என்னைக் கேட்காதீர்கள் என்று வாசலிலேயே சொன்னேன். அவர்களில் வயதில் மூத்த ஓர் அக்காள், "டீச்சரே, நீங்க ஒண்ணும் ஜெபிக்காண்டாம், நாங்க ஜெபிச்சுக்கிடுதோம், நீங்க சும்மா இருங்க" என்றார். அவர்கள் கீர்த்தனை பாடினார்கள், சங்கீதம் வாசித்தார்கள், ஜெபித்தார்கள். போகும்போது சமையலறையில் அரிசியும் தேங்காயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். நான் மறுபடியும் அவர்களோடு சேர்ந்து பாடத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் ஆயின. அதுவரை யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

விசுவாசத்தைத் தனி ஆளாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணுவதே நம்மைத் தளரச் செய்கிறது என்பதை அந்த மாதங்களில்தான் கண்டேன். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அன்று என்ன நம்பினான் என்று ஒரு சொல்லும் இல்லை. என் தாயார் காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள், பிடியரிசி என்பார்கள். பெரிய காணிக்கை போட வழியில்லாத பெண்கள்தான் அதை வழக்கமாக்கினார்கள். ஒரு வீட்டின் ஒரு பிடியைத் தனியே பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலிருந்தும் வந்து சேரும்போதுதான் அது மூட்டையாகிறது. விசுவாசமும் சபைக்குள் அப்படித்தான் இருக்கிறது; உங்கள் பானை காலியாக இருக்கும் மாதத்தில் மற்றவர்களின் பிடி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடற்கரை மக்களை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியாது. 2004இல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குடிலைக்கூட இன்னும் பிரிக்காத வீடுகளில் சாவு விழுந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமற்போனவர் இறந்துவிட்டதாகக் கருதுவதற்குச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. மனைவிமார் அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுவதற்குக் கல்லறையே இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களிடம் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரக்கூடாது. அவர்களில் பலர் இன்னும் ஆலயத்துக்குப் போகிறார்கள். போகும் வழியில் கடவுளோடு சண்டையும் போடுகிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வாழ்வே சலித்துவிட்டது என்று நீங்கள் எழுதிய வரியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான். கேள்விகளெல்லாம் பிறகுதான் வந்தன. ஆகவே தூக்கம் கெட்டிருந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 104 என்ற சுகாதார உதவி எண்ணிலோ எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், நம் மாவட்டத்து நெய்யூரில் 1838 முதல் மிஷனரிகளின் மருத்துவ ஊழியம் எதற்காக நடந்தது என்று அவர்களைக் கேட்கலாம். கடன் கந்துவட்டியாக இருந்தால் அதற்கு எதிராக 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். இவையெல்லாம் விசுவாசத்துக்குப் புறம்பானவை அல்ல.

கூட்ட மேடைகளில் விதை காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று பேசுகிறவர்களிடமிருந்து மட்டும் விலகியிருங்கள். கடனில் இருப்பவரிடம் காணிக்கை கேட்பது எனக்கு வெட்கக்கேடாகவே படுகிறது.

ஆலயத்துக்குப் போவதை நிறுத்தலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், நிறுத்த வேண்டாம் என்பதே. விசுவாசம் திரும்பிய பிறகு போகலாம் என்றால், அது திரும்பி வருவதற்கு மற்றவர்களின் குரல் கேட்கும் இடத்தைவிட நல்ல இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட வராவிட்டால் பாடாதீர்கள். விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் சொல்லும்போது நாக்கு எழவில்லையென்றால் எழுந்து நின்றால் போதும். உங்கள் சொந்த ஜெபம் ஒன்று வேண்டுமானால், பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் கதறியதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவன் பிள்ளை அன்றே சுகமானான், உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. குறைசொல்லுகிறவர்களைச் சந்திக்க மனமில்லாவிட்டால் ஆசீர்வாதம் முடிந்தவுடன் புறப்பட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் போதகரிடமோ, நீங்கள் நம்பும் ஒரே ஒருவரிடமோ, இங்கே எழுதியதை அப்படியே சொல்லி, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள், எனக்கு இப்போது வரவில்லை என்று கேளுங்கள்.