வீடு தேடி வரும் வக்காலத்து

தீ விபத்துக்குப் பின் வழக்குத் தொடுப்பது பற்றி மும்பை வாசகர்கள் சிலர் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் எங்கள் தையல் காலாவும் (சின்னப் பட்டறை) பக்கத்தில் நாலு காலாக்களும் எரிந்துவிட்டன. மறுநாளே ஒருவர் வந்து, "வக்கீல் அனுப்பினார். ஃபீஸே வேண்டாம், வருகிற பணத்தில் 25 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று, வழக்கு நடத்த அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், தாராவி

போடாதீர்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார் கவுன்சிலின் விதிகளில் 20-ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடை செய்கிறது. ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதை 36-ஆம் விதி தடுக்கிறது. வாசலுக்கு வந்த முதல் நாளே இரண்டு விதிகளை மீறியவர் உங்கள் பணத்தில் மட்டும் நேர்மையாக நடப்பார் என்று நம்ப என்ன இருக்கிறது? தூது வந்தவருக்குக் கமிஷன் உண்டு. அதுவும் உங்கள் இழப்பீட்டிலிருந்துதான் போகும்.

"பங்கு பேசியது சட்டப்படி செல்லாதாமே, அப்படியானால் பின்னால் கொடுக்காமல் விட்டுவிடலாம்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த வக்கீல் அதைவிடக் கெட்டிக்காரர். தொகை நிரப்பாத செக் ஒன்றை முதலிலேயே வாங்கி வைத்திருப்பார். அல்லது அந்த வக்காலத்திலேயே பிடி இருக்கும். அச்சடித்த படிவத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்: சமரசம் செய்ய, வழக்கை வாபஸ் வாங்க, உங்கள் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள என்று வரிசையாக அதிகாரங்கள் இருக்கும். பணம் பெறும் வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போடலாம். இதற்குச் சம்மதிக்காத வக்கீலை விட்டுவிடுங்கள். நீதிமன்றத்தின் பெயர், எதிராளியின் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் போட்ட கையெழுத்தை எந்த வழக்கில் வேண்டுமானாலும் சொருகலாம்.

தாராவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கையெழுத்துப் போடும் பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவர் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் "தமிழில் படித்து விளக்கப்பட்டது" என்ற குறிப்பும், விளக்கியவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், குறுக்கு விசாரணையில் "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?" என்ற ஒரே கேள்வியில் சாட்சியம் ஆடிப்போகும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், வழக்குத் தாக்கலாவதற்கு முன்பே "என் வக்காலத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் காகிதங்களைத் திருப்பித் தாருங்கள்" என்று ஸ்பீட் போஸ்டில் எழுதிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வக்கீல் தேடும் அவசரத்தில் நிறையப் பேர் கோட்டை விடுவது ஒன்று உண்டு: எரிந்த சுவிட்ச்போர்டு, மீட்டர், கருகிய ஒயர். இவற்றைப் பங்காருக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போட்டுவிடாதீர்கள். தீ எங்கே தொடங்கியது என்ற சண்டையில் அவைதான் பேசும். இடத்தைச் சுத்தம் செய்யும் முன் நாலு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். தீயணைப்புத் துறை அறிக்கைக்கும் போலீஸ் பஞ்சநாமா (சாட்சிகள் முன் இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) நகலுக்கும் எழுதிக் கொடுங்கள். பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தகவல் போக வேண்டும். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

நல்ல வக்கீல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
– வாசகி, சயன் கோலிவாடா

முதலில் அவர் வக்கீல்தானா என்று பாருங்கள். பதிவு எண் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சிலில் பதிந்தவர்களின் எண் மாஹ் என்று தொடங்கி, நடுவில் ஓர் எண்ணும் கடைசியில் பதிவான ஆண்டுமாக இருக்கும். அந்த ஆண்டைப் பார்த்தாலே "25 வருஷ அனுபவம்" உண்மையா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, நீதிமன்ற வழக்கு விவரங்கள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளம். வக்கீல் பெயரைக் கொடுத்தும் பதிவு எண்ணைக் கொடுத்தும் அதில் தேடலாம், காசு கிடையாது. எத்தனை வழக்கு என்பதை விட்டுவிட்டு, என்ன மாதிரி வழக்கு என்று பாருங்கள். காசோலை வழக்கும் விவாகரத்தும் மட்டுமே நடத்தியவர் நல்லவராகவே இருக்கலாம். உங்களுக்குத் தேவையானவர் அவர் இல்லை. பிறகு நாலைந்து வழக்குகளைத் திறந்து தினசரி உத்தரவுகளைப் படியுங்கள். "மனுதாரர் தரப்பு வக்கீல் ஆஜராகவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, "ஆஜராகாததால் தள்ளுபடி" என்று முடிந்திருந்தாலோ, தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நுகர்வோர் ஆணைய வழக்குகளுக்கு இ-ஜாக்ரிதி என்று தனித்தளம் இருக்கிறது.

மூன்றாவது சோதனை முதல் சந்திப்பு. அதில் அவர் சொல்வதைவிடக் கேட்பதைக் கவனியுங்கள். "தீப்பிடித்த தேதி என்ன?" என்று முதல் பத்து நிமிஷத்தில் கேட்காதவரைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. காரணம், கெடு ஒவ்வொரு எதிராளிக்கும் வேறு. நுகர்வோர் புகாருக்கு 2 வருஷம். சாதாரண உரிமையியல் வழக்கு பலவற்றுக்கு 3 வருஷம். மாநகராட்சியின் கடமைத் தவறு என்று வழக்குப் போடுவதானால் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், வழக்கை 6 மாதத்துக்குள் போட வேண்டும். அரசாங்கத்தின் மீது என்றால் 2 மாத நோட்டீஸ். "மூணு வருஷம் டைம் இருக்கு, நிதானமா பார்க்கலாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரால் மாநகராட்சி மீதான வழக்கு உள்ளே நுழைவதற்கு முன்பே செத்துப்போகும்.

பாலிசி, குமாஸ்தா லைசென்ஸ் (கடைப் பதிவு), ஜிஎஸ்டி கணக்கு, காலா வாடகையா பகடியா (மொத்தத் தொகை கொடுத்து எடுத்ததா), சரக்கின் மேல் பாங்குக் கடன் உண்டா என்றும் அவர் கேட்க வேண்டும். கடன் இருந்தால் பாலிசியில் பாங்கின் பெயர் இருக்கலாம். பணம் முதலில் அங்கேதான் போகும். இதை முன்கூட்டிச் சொல்லாதவர் கடைசியில் உங்களுக்கு அதிர்ச்சி கொடுப்பார்.

ஒரு வார்த்தை கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்: "ஸ்டாக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், பில் நான் ஏற்பாடு பண்ணுகிறேன்." ஜிஎஸ்டி கணக்கில் 6 லட்சம் கொள்முதல் காட்டியவர் 15 லட்சம் சரக்கு எரிந்தது என்றால், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிப்பார். பொய்யான கோரிக்கை வைத்தால் பாலிசியின் பலன் முழுவதும் போய்விடும் என்பது பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. நியாயமாக வரவேண்டிய 6 லட்சமும் சேர்ந்து போகும்.

கட்டணம் எவ்வளவு கொடுப்பது நியாயம்?
– வாசகர், செம்பூர்

இவ்வளவு என்று ஒரே தொகை சொல்ல முடியாது. கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: நோட்டீசுக்கு, புகார் தாக்கலுக்கு, சாட்சியத்துக்கு, வாதத்துக்கு என்று. செலவுகள் தனிக்கணக்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் வக்கீலின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும். குமாஸ்தா கையில் ரொக்கமாக வேண்டாம்.

"கோர்ட்டில் கட்ட வேண்டும்" என்று கேட்கும் தொகையைச் சரிபார்ப்பது சுலபம். நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பார்த்து வருவதில்லை. கொடுத்த விலையைப் பார்த்து வருகிறது. இன்சூரன்ஸ் வழக்கில் அந்த விலை என்பது பிரீமியம். அது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. சிறிய காலாவின் பிரீமியம் அந்தப் பக்கமே போகாது. எனவே நுகர்வோர் ஆணையத்தில் கட்ட 25,000 வேண்டும் என்பவர் உங்கள் சட்டைப்பையைத்தான் பார்க்கிறார். சிவில் கோர்ட்டில் இழப்பீட்டு வழக்கென்றால் கதை வேறு. அங்கே கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனி பாதிதான் தருவேன் என்கிறது. இதற்கு வக்கீல் வேண்டுமா?
– வாசகர், ஆண்டாப் ஹில்

பெரும்பாலும் வேண்டாம், முதல் படியிலாவது. தனி நபர், தனி உரிமையாளர் கடை, குறுந்தொழில் ஆகியோரின் பாலிசிகளுக்கு, புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் ஆஜராக அனுமதியும் இல்லை. முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் அவரிடம் போகலாம். அதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார். அவசரப்பட்டு வக்கீல் வைத்து வழக்குப் போட்டவர்கள் இந்த இலவச வழியை இப்படித்தான் அடைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பாதித் தொகைக்குக் கம்பெனி நீட்டும் வவுச்சரில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்றிருந்தால், அதில் கையெழுத்திடும் முன்பு மட்டும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குக் காசு கொடுங்கள். அது வீண் செலவு இல்லை.

எரிந்த ஐந்து காலாக்காரர்களும் சேர்ந்து ஒரே வக்கீலை வைக்கலாமா?
– தாராவி வாசகரே மறுபடியும்

நாலு பேர் சேரலாம். தீ தொடங்கிய காலாவின் சொந்தக்காரர் சேரக் கூடாது. இன்று அவர் உங்கள் நண்பர். நாளை எதிராளியின் பதில் மனுவில் "தீக்குக் காரணம் இவர் இழுத்த ஒயர்" என்று வந்தால் அவர் உங்களுக்கே எதிராளி. இருவரின் ரகசியமும் தெரிந்த வக்கீல் யாருக்கு வேலை செய்வார்?

சேர்ந்து போராடுவதில் பலம் உண்டு. டெல்லி உபஹார் தியேட்டர் தீயில் 1997-ல் 59 பேர் இறந்தார்கள். குடும்பத்தார் சங்கமாகச் சேர்ந்துதான் வழக்கை நடத்தினார்கள். 2003-ல் உயர் நீதிமன்றம், இறந்தவரின் வயதைப் பொறுத்து 18 லட்சம், 15 லட்சம் என்று இழப்பீடு விதித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சம், ஏழரை லட்சமாகக் குறைத்தது. கீழே ஜெயித்த தொகை மேலே அப்படியே நிற்கும் என்று உறுதி சொல்லும் வக்கீலிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

என் மகன் கலிபோர்னியாவில் அல்டடீனாவில் இருக்கிறான். 2025 ஜனவரி காட்டுத்தீயில் வீடு போய்விட்டது. அங்கே வக்கீல் 33 சதவீதம் கேட்கிறார். இதுவும் மோசடியா?
– வாசகி, மாட்டுங்கா

இல்லை. அங்கே பங்குக் கட்டணம் சட்டப்படி சரி. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான நகல் மகனிடம் இருக்க வேண்டும், சதவீதம் சட்டம் நிர்ணயித்ததல்ல, பேரம் பேசலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். பேசவே சொல்லுங்கள். முக்கியமாக, 33 சதவீதம் செலவுகளைக் கழிக்கும் முன்பா, கழித்த பின்பா? நிபுணர் செலவு பெரிதாக இருக்கும் வழக்கில் இந்த ஒரு வரி ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் செய்யும். வீட்டு இன்சூரன்சிலிருந்து தானாக வரும் பணத்தில் வக்கீலுக்குப் பங்கு இல்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

வக்கீலின் உரிம நிலையும் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதும் கலிபோர்னியா ஸ்டேட் பார் தளத்தில் பெயரைப் போட்டாலே வரும். தங்கும் முகாமுக்கு ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பது அங்கேயும் குற்றம். கெடு: சொத்துச் சேதத்துக்கு 3 வருஷம், உடல் காயத்துக்கு 2 வருஷம். அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பின் மீது என்றால் முதலில் கொடுக்க வேண்டிய கோரிக்கைக்குக் காயத்துக்கும் உடைமைகளுக்கும் 6 மாதம், வீடு நிலத்துக்கு ஒரு வருஷம்தான்.

"இவ்வளவு டாலர் நிச்சயம்" என்பவரை நம்ப வேண்டாம். 2018-ல் 85 பேரைப் பலி கொண்ட கலிபோர்னியாவின் கேம்ப் ஃபயர் காட்டுத்தீ உள்ளிட்ட தீ விபத்துகளுக்காகப் பிஜி அண்டு ஈ மின்சார நிறுவனம் ஒப்புக்கொண்ட 1,350 கோடி டாலரில் பாதி, கம்பெனிப் பங்குகளாகத்தான் வந்தது. பங்கு விலை ஏறி இறங்க, பாதிக்கப்பட்டவர்களுக்கு மதிப்பிட்ட தொகை முழுசாகக் கிடைக்கவில்லை.

வக்கீல் போன் எடுப்பதில்லை. காகிதங்களைக் கேட்டால் "பாக்கி ஃபீஸைக் கொடு" என்கிறார்.
– வாசகர், தாராவி கும்பார்வாடா

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதற்கு அவர் தனியாக வழக்குப் போடட்டும். ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். புது வக்கீல், பழையவரிடம் ஆட்சேபணையில்லாக் கடிதம் கேட்பார். அது வராவிட்டால் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதுவரை, வழக்கை அடையாளம் காட்டும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தாவை நீங்களே பாருங்கள். தாக்கலான காகிதங்களுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

புகாரை மாநிலப் பார் கவுன்சிலில்தான் கொடுக்க வேண்டும், வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவின் கீழ். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தப் பக்கம் போய் அலைய வேண்டாம்.

கையில் காசே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, தாராவி

15100-க்குப் போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண் அது. பெண் என்பதால் உங்கள் வருமானத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இலவச வக்கீல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆதாரும் பஞ்சநாமா நகலும் கையோடு இருக்கட்டும். நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால், கொடுக்காமல் அதே ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள். ஆளை மாற்றித் தருவார்கள்.