டேங்க் தொடாத எதிரிதான் ஹீலரைத் தேடி வரும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் விளையாட்டில், டேங்க் (எதிரிகளைத் தன் பக்கம் இழுத்து அடிதாங்கும் வீரர்) ஒவ்வொரு எதிரியையும் ஓர் அடியாவது அடிக்கும்வரை ஹீல் (உயிர் ஏற்றும் மந்திரம்) போடாமல் பொறுங்கள். கூட்டமாக இழுத்தாலே ஒன்று ஹீலரான உங்கள் பிரீஸ்ட் மேல் பாய்கிறது என்றீர்களே, அது அநேகமாக டேங்க் தொடாத எதிரி.

நீங்கள் ஏற்றும் உயிரில் பாதி த்ரெட் (எதிரி யாரைத் தாக்குவது என்று தீர்மானிக்கும் புள்ளி) ஆகிறது. சண்டையில் உள்ள எதிரிகளுக்குள் அது பிரிந்துவிடும். 1000 ஏற்றினால், எதிரிகள் 5 என்றால், தலைக்கு 100. டேங்கிடம் நன்றாக அடிவாங்கிய எதிரிக்கு அந்த 100 பெரிதில்லை. அடியே வாங்காததற்கு அதுவே போதும், நேராக உங்களிடம் வரும். (நிரம்பிய உயிருக்கு மேல் வழியும் ஹீலுக்கு த்ரெட் கிடையாது.)

அடுத்த முறை 3 விநாடி கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அப்புறம் ஹீல் போட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் காரணம் இதுதான். அப்போதும் வந்தால், சண்டைக்கு முன்பே போட்டுவைக்கும் ரினியூவை (சிறிது சிறிதாக உயிர் ஏற்றும் ஹீல்) நிறுத்திப் பாருங்கள்.

வந்துவிட்டால் தயவுசெய்து எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள், டேங்க் கைக்கு எட்டாது. அவர் காலடிக்கே ஓடுங்கள்.

ஃபேடை (த்ரெட்டைச் சிறிது நேரம் குறைக்கும் பிரீஸ்ட் மந்திரம்) மட்டும் நம்ப வேண்டாம். 10 விநாடியில் அது முடிந்ததும் பழைய த்ரெட் திரும்பிவிடும். அதற்குள் டேங்க் பிடித்திருக்க வேண்டும்.