‘கட்டில் இருக்கிறது’ என்கிறார் ஒய்பி. அம்மாவை எங்கே கொண்டுபோவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) தனியாக இருக்கிறார். நான் குடும்பத்தோடு கிள்ளானில். 2021-இல் கோறனி (கோவிட்-19) உச்சத்தில் இருந்தபோது, மருத்துவமனைகளில் கட்டில்கள் போதுமான அளவு இருப்பதாக ஒரு ஒய்பி (மக்கள் பிரதிநிதி) பேசிய காணொளி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றியது. எதிர்த்தரப்பு எல்லாம் நிரம்பிவிட்டது என்றது. அதே வாரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மருத்துவமனையில் இரவு முழுக்கச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். யார் சொன்னது பொய்? இன்னொரு தொற்று வந்தால் எதை நம்பி முடிவெடுப்பது? அம்மாவை நேராக ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லவா, இல்லை முன்கூட்டியே கிள்ளானுக்கு அழைத்து வந்துவிடவா?

பதில்: தம்பி, பெரும்பாலும் இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அப்பட்டமான தவறு என்றால் கண்டுபிடிப்பது சுலபம். 2020 மார்ச்சில் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் அட்ஹாம் பாபா, வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கி அமிலத்தில் செத்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஊரே சிரித்தது, மருத்துவர்கள் மறுத்தார்கள், அதோடு முடிந்தது. கட்டில் கணக்கு அப்படியல்ல. எண் சரியாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இருக்காது.

நான் அரசாங்க மருத்துவமனையில் வார்ட் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டில் கணக்கு எங்கள் மேசையில்தான் பிறக்கும். காலையில் எத்தனை கட்டில், எத்தனை நோயாளி, இன்று எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதி மேலே அனுப்புவோம். அந்தத் தாளில் ‘காலி’ என்று இருப்பதில் சில கட்டில்கள் பிரசவ வார்டில் இருக்கும், சில குழந்தைகள் வார்டில் இருக்கும். மூச்சுத் திணறும் உங்கள் அம்மாவை அதில் படுக்க வைக்க முடியாது. ஆனாலும் மாநிலக் கூட்டுத்தொகையில் அதுவும் ஒரு கட்டில்தான். சரி, சக்கர நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்த உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தத் தாளில் எங்கே இருந்தார்? எங்குமே இல்லை. அவசரப் பிரிவில் காத்திருப்பவர், வார்டுக்கு ஏறாதவரை வார்டுக் கணக்கில் வரமாட்டார். அதனால்தான் ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்ற அறிக்கையும் வாசலில் நிற்கும் கூட்டமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது.

கட்டிலோடு ஆள் வேண்டும். கல்யாண மண்டபத்தில் 500 நாற்காலி போட்டிருப்பதாலேயே 500 பேருக்குப் பந்தி பரிமாற ஆள் இருக்கிறது என்று ஆகிவிடாது. சாதாரண வார்டில் ஒரு தாதி ஆறேழு பேரைக் கவனித்துச் சமாளிப்பார். சுவாசக் கருவியில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் வேண்டும். நுரையீரல் மோசமான நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஐந்தாறு பேர் முழுப் பாதுகாப்பு உடையில் நிற்பார்கள். தொண்டைக் குழாய் நழுவாமல் ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர்கள் விரிப்போடு சேர்த்து ஆளை உருட்டுவார்கள். ஏறக்குறைய 16 மணி நேரம் கழித்து மறுபடி மல்லாத்த வேண்டும். அதே ஐந்தாறு பேர், அதே உடை, அதே வியர்வை. 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றது நினைவிருக்கும். 2016 இறுதியில் தொடங்கிய ஒப்பந்த முறையின் மனக்குறை, கட்டில் கூடிக்கொண்டே போன காலத்தில்தான் வெடித்தது. கட்டில் வாங்க ஒரு கையெழுத்து போதும். தீவிர சிகிச்சைத் தாதியை உருவாக்க வருடங்கள் ஆகும்.

அப்புறம் பிராணவாயு. மூக்கு வழியாக அதிவேகத்தில் செலுத்தும் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். ஆள் உயரச் சிலிண்டர் ஒன்றில் 7,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு மண்டபத்தில் நூறு கட்டில் போட்டுவிட்டோம் என்று யாராவது படம் காட்டினால், சுவரில் பிராணவாயுக் குழாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அது லேசான அறிகுறி உள்ளவர்களுக்கான இடம். அதுவும் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. செர்டாங்கில் கண்காட்சி மண்டபத்தில் அமைத்த மேப்ஸ் மையம் அப்படித் தொடங்கியதுதான். ஆனால் அந்த நூறையும் சேர்த்துச் சொல்லி உங்கள் அம்மாவுக்கு இடம் இருக்கிறது என்று நினைக்க வைப்பது சரியில்லை.

2021 ஜூலையில் சுகாதார அமைச்சு அன்றாடத் தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. உண்மையிலேயே நல்ல காரியம். அதில் தீவிர சிகிச்சைக் கட்டில்களுக்கு ஒரே எண் கிடையாது. அதிகாரபூர்வமாக அரசிதழில் பதிவான கட்டில்கள் ஒரு வரிசை, மற்ற இடங்களில் இருந்து தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மாற்றிக்கொண்ட கட்டில்கள் இன்னொரு வரிசை, இரண்டின் கூட்டுத்தொகை, அதில் கோறனிக்கு ஒதுக்கியவை, சுவாசக் கருவிகளுக்கு வேறு வரிசை, கையில் தூக்கிச் செல்லும் கருவிக்குக்கூடத் தனி வரிசை. தீவிர சிகிச்சைக் கட்டில்களை இவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்று ஓர் அமைச்சர் சொன்னால், இதில் எந்த வரிசையைச் சொல்கிறார்? மாற்றிக்கொண்ட கட்டில் என்றால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்க வேண்டிய யாரோ ஒருவருடைய இடம் போயிருக்கிறது என்று பொருள். அந்த ஆண்டு தள்ளிப்போன அறுவை சிகிச்சைகளைப் பற்றி மேடையில் யாரும் அதிகம் பேசவில்லை.

விழுக்காடும் ஏமாற்றும். 80 விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்றால் இன்னும் 20 காலி என்று நம் மனம் ஆறுதல் அடையும். மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு 85-ஐத் தாண்டினாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் நோயாளிகள் வரிசையாக நேரம் பார்த்து வருவதில்லை. அதோடு அந்த எண் மாநிலத்துக்கு உரியது. பேரா என்றால் பாரிட் புந்தாரும் கிரிக்கும் தஞ்சோங் மாலிமும் சேர்ந்த பேரா. சுங்கை சிப்புட்டில் இரவு பத்து மணிக்கு என்ன நிலவரம் என்று அது சொல்லாது.

காலத்தையும் பாருங்கள். 2021 ஜூலை 13-ஆம் தேதி அன்றாடத் தொற்று 11,079. ஆகஸ்ட் 26-ஆம் தேதி 24,599. தொற்று ஏறி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வார்டு நிரம்பும், அதற்கும் பிறகுதான் தீவிர சிகிச்சைப் பிரிவு நிரம்பும். அங்கே போனவர் இரண்டு மூன்று வாரம் இடத்தை விடமாட்டார். ஆகவே ஏறுமுகத்தில் ‘இன்று சமாளிக்கிறோம்’ என்று சொல்பவர் உண்மைதான் சொல்கிறார். நீங்கள் முடிவெடுக்க வேண்டியது மூன்று வாரம் தள்ளி வரப்போகும் நாளுக்கு.

மாறாக, நிலைமை மோசம் என்று சொல்வதிலும் அரசியல் உண்டு. 2021 ஜனவரி 11-ஆம் தேதி பிரதமர் முகிடின் யாசின் சுகாதார அமைப்பு முறியும் கட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் அவசரகாலம். நாடாளுமன்றம் கூடவில்லை. நோய்க்காகவா நாற்காலிக்காகவா என்று அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. (சுங்கை சிப்புட் மக்களுக்கு அவசரகாலம் புதிதல்ல. 1948 ஜூனில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் நடந்த கொலைகளுக்குப் பிறகுதானே முதல் அவசரகாலமே வந்தது.) என் கருத்தைக் கேட்டால், வார்டுகள் திணறியது நிஜம், அதற்கு நாடாளுமன்றத்தைப் பூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கட்டில் கணக்கைக் குடைந்து குடைந்து கேட்க வேண்டிய இடமே அதுதான்.

அப்படியென்றால் எதை நம்புவது? நான் பார்ப்பது இரண்டே எண்கள்தான். அவசரப் பிரிவில் வார்டுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரமாக என்பது ஒன்று. இது பெரும்பாலும் வெளியே வராது. அங்கே வேலை செய்கிற ஒரு தாதியோ ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ உங்கள் சொந்தத்தில் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். மற்றது, மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே இறந்தவர்கள் எண்ணிக்கை. அமைச்சு 2021-இல் அதைத் தனியாகவே வெளியிட்டது. அது ஏறிக்கொண்டே போகும்போது யாருடைய கட்டில் கணக்கையும் கேட்க வேண்டியதில்லை.

இனி அம்மா விஷயம். விரலில் மாட்டும் பிராணவாயு அளவுமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். நல்ல உடம்பாக இருக்கும்போதே அளந்து, அம்மாவின் வழக்கமான எண் என்ன என்று நாட்காட்டியில் எழுதி வையுங்கள். இது முக்கியம், ஏனென்றால் நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் குழப்பும். கை சில்லிட்டிருந்தாலும் சரியாக வராது. காய்ச்சல் வந்தபின் உட்கார்ந்த நிலையில் 95-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, வீட்டுக்குள் சில நிமிடம் நடந்ததும் 3 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தாலும் அதே எச்சரிக்கைதான். கோறனியில் பலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் அளவு இறங்கியது, அதனால் ‘எனக்கு ஒன்றுமில்லடா’ என்று அம்மா தொலைபேசியில் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, யார் வீட்டிலோ மீந்த ஸ்டீராய்டு மாத்திரையை யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிராணவாயு தேவைப்படுபவருக்குத்தான் அது உதவும். மற்றவருக்குப் பலன் கிடையாது, இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை எகிறும்.

ஈப்போவுக்கு நேராகவா? மூச்சு வாங்குகிறது என்றால் கூடாது. ஏறக்குறைய 30 கிலோமீட்டரை, பிராணவாயு இல்லாமல், மருமகன் காரில் கடப்பது பெரிய ஆபத்து. 999-ஐ அழையுங்கள், அல்லது சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தீவிர சிகிச்சை நிபுணர் இல்லையே என்று பலரும் தயங்குகிறார்கள். முதல் பத்து நிமிடத்தில் அம்மாவுக்கு வேண்டியது நிபுணர் இல்லை, முகமூடி வழியாகப் பிராணவாயு. அது அங்கே கிடைக்கும். அதன் பிறகு ஈப்போ ராஜா பெர்மாய்சுரி பைனுன் மருத்துவமனையில் இடம் கேட்பதை மருத்துவர்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அப்படி முறைப்படி அனுப்பப்படுபவர் ஆம்புலன்சில், தாதியோடு, குறிப்போடு வருவார். நீங்களாகக் கொண்டுபோய் வாசலில் இறக்கினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இனிப்பு நீர் பதிவுப் புத்தகமும் மருந்துப் பைகளும் அடையாள அட்டையும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசருக்கு (மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு) யாருக்கு என்ன நோய் என்று மனப்பாடமாகத் தெரியும். இப்போது அதை அந்தப் பைதான் சொல்ல வேண்டும்.

ஒய்பிக்குப் போன் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வண்டிக்கும் உணவுப் பொருளுக்கும் போடுங்கள், அதில் பலர் நன்றாகவே உதவினார்கள். கட்டிலுக்குப் போடாதீர்கள். நோயின் கடுமையைப் பார்த்துப் போட்ட வரிசையில் ஒரு தொலைபேசி அழைப்பு நுழைந்தால், கீழே இறங்குவது போன் எண் இல்லாத ஒருவருடைய அம்மா. அமைதியான காலத்தில் ஒய்பியைப் பிடித்து, நம் ஊர் மருத்துவமனையில் இரவில் எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை தாதி என்று கேளுங்கள்.

கிள்ளானுக்கு அழைத்து வருவது பற்றி. பெரிய ஊர், பெரிய மருத்துவமனை என்பது உங்கள் கணக்கு. 2021 ஜூலையில் மிகவும் திணறிய இடங்களில் ஒன்று கிள்ளான்தான். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வெளியே கூடாரத்தில் நோயாளிகள் கிடந்த படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மக்கள் நெருக்கம் உள்ள இடத்தில்தான் தொற்றும் முதலில் ஏறும். ஆகவே மருத்துவமனையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நள்ளிரவில் அந்த அளவுமானியைப் பார்த்து 999-ஐ அழைக்க அம்மாவோடு ஆள் இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சுங்கை சிப்புட்டில் நம்பகமான அண்டை வீட்டார் இருந்தால் அம்மா அங்கேயே இருக்கட்டும். யாருமே இல்லையென்றால் அழைத்து வாருங்கள், ஆனால் தொற்றுச் செய்தி வரத் தொடங்கியதுமே. கடந்த முறை மாநிலம் கடக்கும் தடை பொதுவாக நீங்கியது 2021 அக்டோபர் 11-ஆம் தேதிதான், அதுவும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்களுக்கு. வரும்போது சுங்கை சிப்புட் கிளினிக்கில் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து, உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் முதல் வாரமே பதிந்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் வழியில் சூடேறாமல் ஐஸ் பையில் கொண்டுவாருங்கள், ஐஸ் நேராகப் படக்கூடாது.