கன்சென்ட் இல்லாத பட்டறைக்கு எவ்வளவு கட்டச் சொல்வார்கள்? சேலம் கேள்வி பதில்

கொண்டலாம்பட்டி வாசகர்: சின்ன சாயப்பட்டறை சார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (கன்சென்ட்) இல்லாமல் 90 நாள் ஓட்டியதாக நோட்டீஸ். இழப்பீடு எவ்வளவு வரும்?

பதில்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு இது: மாசுக் குறியீடு × நாள் × ரூபாய்க் காரணி × தொழில் அளவு × இடம். சாயமேற்றுதல் சிவப்பு வகை, அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில், குறியீடு 80. சிறுதொழிலுக்கு அளவு 0.5. பத்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊருக்கு இடம் 1. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி அதற்குள்தான் இருக்கிறது.

மிச்சம் ரூபாய்க் காரணி. இங்கேதான் அதிகாரியின் கை இருக்கிறது. 100 முதல் 500 வரை வைக்கலாம், 250 என்பது பரிந்துரை. 250 வைத்தால் நாளுக்கு 10,000, மொத்தம் 9 லட்சம். 500 வைத்தால் 18 லட்சம். 100 வைத்தால் நாளுக்கு 4,000தான் வரும். ஆனால் 5,000க்குக் குறையக்கூடாது என்பதால் 4.5 லட்சம். ஒரே பட்டறை, ஒரே தவறு, நாலு மடங்கு வித்தியாசம்! இந்த விருப்புரிமை தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தெரியாமல் ஓட்டியவரையும் ராத்திரியில் ஓடையில் திறந்துவிடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஏன் இந்த எண் என்று ஆணையில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிலில் அதையே முதல் வரியாகக் கேளுங்கள்.

நாள் கணக்கையும் விடாதீர்கள். பட்டறை பூட்டிக் கிடந்த நாட்களுக்கு மின் கட்டண ரசீது, ஆள் வருகைப் பதிவேடு இரண்டையும் இணையுங்கள்.

அவரே: வாரியத்துக்கு இழப்பீடு கேட்க அதிகாரமே இல்லை என்கிறாரே வக்கீல்?

பதில்: அது பழைய வாதம். டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தொடர்பான வழக்கில் 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம், நீர்ச் சட்டம் 33ஏ, காற்றுச் சட்டம் 31ஏ பிரிவுகளின்கீழ் வாரியம் இழப்பீடு விதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முறையான விதிகள் வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. தண்டனை என்பது வேறு. இசைவாணை இல்லாமல் ஓட்டியதற்கு நீர்ச் சட்டம் 44ஆம் பிரிவில் ஒன்றரை முதல் ஆறு வருடச் சிறை. அதை நீதிமன்றம்தான் விதிக்க முடியும்.

ஓமலூர் வாசகர்: இசைவாணைக்கு விண்ணப்பித்து 5 மாதம், பதிலே இல்லை. ஓட்டலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீர்ச் சட்டம் 25(7)இன்படி 4 மாதம் கடந்தால் இசைவு கிடைத்ததாகக் கொள்ளலாம். ஆனால் விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்திருக்க வேண்டும். ஒரு வரைபடம் குறைகிறது என்று இடையில் கடிதம் வந்திருந்தால் வாதம் நிற்காது. காற்றுச் சட்டத்தில் இப்படி ஒரு சலுகையே இல்லை. புகைவிடும் கொதிகலன் வைத்திருக்கிறீர்கள் என்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

திருமணிமுத்தாற்றங்கரை விவசாயி: பக்கத்துப் பட்டறைக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். கிணற்றில் தண்ணீர் சிவப்பாக ஊறுகிறது.

பதில்: அய்யா, நீர்ச் சட்டம் 49ஆம் பிரிவு உங்களுக்கானது. வழக்குத் தொடுக்கப்போவதாக வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுங்கள். அதற்குள் அவர்கள் தொடுக்காவிட்டால் நீங்களே நீதிமன்றத்துக்குப் போகலாம். கையிலுள்ள அறிக்கைகளை வாரியம் உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் புகாருக்கு உதவும், ஆனால் பட்டறையின் கழிவுநீருக்குச் சட்டப்படியான மாதிரியாகாது. 21ஆம் பிரிவின்படி அதிகாரி, பகுப்பாய்வு செய்யப்போவதாக உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் எதிரிலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வழக்கு அங்கேயே படுத்துவிடலாம். ஆய்வு நாளில் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

ஏற்காடு வாசகர்: சுரங்கத்துக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. சுரங்கத்துக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் வெட்டிய கனிமத்தின் முழு விலையையும் வசூலிக்க வேண்டும் என்பது 2017 ஆகஸ்ட் 2 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஆத்தூர் வாசகர்: மேல்முறையீடு எங்கே?

பதில்: இசைவாணை மறுப்புக்கு மேல்முறையீட்டு ஆணையம், 30 நாள். 33ஏ மூடல் ஆணைக்குச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயம், அதற்கும் 30 நாள். தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயத்தில் இன்னும் 60 நாள் வரை. ஆணை கைக்கு வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.