கழுத்தில் 7 மில்லிமீட்டர் கேன்சர்: வெட்டாமல் விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கழுத்து வலிக்காக எடுத்த ஸ்கேனில் தைராய்டில் 7 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. ஊசி வைத்துச் சோதித்ததில் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு கேன்சர் என்று வந்துவிட்டது. டாக்டரோ, “இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்” என்கிறார். “கேன்சரை உடம்பில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?” என்று அம்மா அழுகிறார். டாக்டர் அலட்சியமாக இருக்கிறாரா?

பதில்: இல்லை. சொல்லப்போனால், “வெட்டிவிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அவருக்குச் சுலபம்.

ஒரு பென்சிலின் தடிமன்தான் இந்தக் கட்டி. ஜப்பானில் கோபே நகரத்தில் உள்ள குமா மருத்துவமனையில் 1993 முதலே, 10 மில்லிமீட்டருக்கு மிகாத பாப்பிலரி கட்டிகளை உடனே வெட்டாமல் கண்காணித்து வருகிறார்கள். அப்படிக் கண்காணித்த 1,235 பேரின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு, கழுத்து நிணநீர் முடிச்சுக்குப் புதிதாகப் பரவியது 4 பேருக்கும் குறைவு, தைராய்டு கேன்சரால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. இன்னொன்று, வயது ஏற ஏற இது வளர்வது குறைகிறது. நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் வளரும் வாய்ப்பு அதிகம். அம்மாவின் வயது இதில் சாதகம்தான்.

தென்கொரியாவில் ஸ்கேன் பெருகியபோது, 1993-லிருந்து 2011-க்குள் தைராய்டு கேன்சர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள், ஆனால் அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. தேடாமல் விட்டிருந்தால் பலருக்கு இது இருப்பதே தெரிந்திருக்காது.

ஆபரேஷனும் சும்மா இல்லை. குரல் நரம்பில் அடிபட்டால் குரல் கரகரத்துப் போகலாம். முழு தைராய்டையும் எடுத்தால் ஆயுசுக்கும் மாத்திரை, பக்கத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறைந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும்.

அதற்காக எல்லாருக்கும் காத்திருப்பு சரிவராது. கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால், நிணநீர் முடிச்சுக்கு ஏற்கெனவே பரவியிருந்தால், ஊசிப் பரிசோதனையில் வேகமாக வளரும் வகை என்று தெரிந்தால், ஆபரேஷன்தான். அதனால் அடுத்த முறை போகும்போது “கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, முடிச்சுகளையும் பார்த்தீர்களா?” என்று நேராகவே கேளுங்கள்.

ஸ்கேன் முதல் ஓரிரு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த ரிப்போர்ட்டில் 7 என்பது 8 ஆகியிருந்தால் குடும்பமே பதற வேண்டாம். அளப்பவர் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும், 3 மில்லிமீட்டர் கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கில் எடுப்பதே அதனால்தான். அப்படி வளர்ந்து அப்புறம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு சொல்லியும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றால்? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி இருக்கும் பாதி தைராய்டை மட்டும் எடுப்பதும் நியாயமான வழிதான், அதை அம்மாவே தேர்ந்தெடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள்.