பெரிய வகுப்பில் பாவைக்கூத்து: டில்லி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

டில்லியில் 20 வருடம் உயிரியல் நடத்தியவள் நான். பெரிய வகுப்புகளில் பாவைக்கூத்தை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி, இங்குள்ள தமிழ் பேசும் ஆசிரியர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் பகுதி.

ஆர்.கே.புரம்: மேடம், பதினொன்றாம் வகுப்பில் பொம்மையை எடுத்தாலே "எல்கேஜியா?" என்று சிரிக்கிறார்கள்.

பொம்மை உங்கள் கையில் இருந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கண், மூக்கு வைத்த பொம்மை முதலில் வேண்டாம், நிழல் பாவை போதும். நம்மூர் பொம்மலாட்டக்காரர் தலையில் இரும்பு வளையம் மாட்டி, அதில் கட்டிய கயிற்றால் பொம்மையை ஆட்டுவார், சில பொம்மைகள் பத்து கிலோ வரை கனக்கும் என்றும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லை என்பது புரிந்துவிடும்.

மயூர் விஹார்: விளையாட்டாகவே போய்விடாதா? பாடம் எங்கே ஏறும்?

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இதயம் வெட்டினோம். ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவுகளான வால்வுகளைத் தனித்தனியாக நூலால் கோத்து, மூங்கில் குச்சி ஒட்டி, வெள்ளை வேட்டிக்குப் பின்னால் டேபிள் லேம்ப் வைத்தோம். ஏட்ரியம் என்ற மேலறைக்கும் வெண்ட்ரிக்கிள் என்ற கீழறைக்கும் நடுவில் இடது பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு ஒரு பையனிடம், அந்தக் கீழறையிலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகும் வழியில் இருக்கும் பெருந்தமனி வால்வு இன்னொருவனிடம். "இடது வெண்ட்ரிக்கிள் சுருங்குகிறது" என்று கதைசொல்லி சொன்னதும் இருவரும் ஒன்றாகத் திறந்துவிட்டார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டேய், ரத்தம் திரும்பி ஏட்ரியத்துக்கே போகுதுடா!" என்று கத்தினாள். அப்புறம் ஐந்து நிமிடம் சண்டை. நான் வாயே திறக்கவில்லை. வெண்ட்ரிக்கிளில் அழுத்தம் ஏறும்போது மைட்ரல் ஏன் மூட வேண்டும் என்பதை அவர்களே பேசி முடித்தார்கள். இத்தனைக்கும் முந்தின வாரம்தான் எல்லோரும் நோட்டில் அதே படத்தை அழகாக வரைந்திருந்தார்கள். நோட்டில் வால்வு அசையாது. அதனால் அந்தக் குழப்பம் அங்கே தெரியவே இல்லை.

கரோல் பாக்: எனக்குத் தமிழ் வகுப்பு. பிள்ளைகளுக்கு வெளியே எல்லாம் ஹிந்திதான். தமிழில் பேசச் சொன்னால் வாயைத் திறப்பதில்லை.

பழைய சாக்ஸில் கைப்பாவை செய்யச் சொல்லுங்கள். தப்பாகப் பேசினால் பொம்மையைத் திருத்துங்கள், பிள்ளையைத் திருத்தாதீர்கள். கேள்வி கேட்கும்போதும் பொம்மையையே பாருங்கள். உங்கள் பார்வை பிள்ளையின் முகத்துக்குப் போனால் கூச்சம் திரும்பிவிடும். 1020-ஆம் குறளைக் கொடுத்துப் பாருங்களேன். நாணம் இல்லாதவரைக் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிடும் குறள் அது. 'நாண்' என்றால் வெட்கம், கயிறு என்று இரண்டு பொருள். கையில் பாவையோடு படித்தால் அந்தச் சிலேடை சட்டென்று பிடிபடும்.

துவாரகா: பயிற்சி எங்கே கிடைக்கும்?

உங்கள் துவாரகாவிலேயே சிசிஆர்டி (கலாசார வளங்கள், பயிற்சிக்கான மத்திய அரசு மையம்) இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பாவைக்கலைப் பட்டறை நடத்துகிறார்கள். பள்ளி முதல்வரிடம் சொல்லி விசாரியுங்கள்.

மயூர் விஹார்: மதிப்பெண் எப்படிப் போடுவது?

வசனத்தை அவர்களே எழுத வேண்டும், அதற்குப் பாதி. ஆட்டம் முடிந்ததும் குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி, அதற்கு மீதி. பொம்மையின் அழகுக்கு ஒன்றும் போடாதீர்கள். அது பெரும்பாலும் ராத்திரி உட்கார்ந்து தைத்த அம்மாவுக்குச் சேர வேண்டியது.